கிளச் மிதித்தால் ஒரு சத்தம், விட்டால் இன்னொரு சத்தம்: கியர்பொக்ஸை இறக்க முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். 3 இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய டவுன்ஏஸ் டீசல் வான், மேனுவல் கியர். நியூட்ரலில் நிற்கும்போது கியர்பொக்ஸ் பக்கமாகக் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம்; கிளச்சை முழுக்க மிதித்தால் அது அடங்கிவிடுகிறது. ஆனால் பெடலை மிதிக்கத் தொடங்கும் இடத்தில் 'கீச்ச்' என்று வேறொரு சத்தம் வருகிறது. கராஜில் காட்டியபோது, கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ரீகண்டிஷன் (பாவித்த) பொக்ஸ் ஒன்று எடுத்துப் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். போடுவதா, வேண்டாமா?

இன்னும் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இவை பெரும்பாலும் இரண்டு வேறு பேரிங்குகளின் சத்தம். ஒன்று, பெடலை மிதிக்கும்போது கிளச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மற்றது, இஞ்சினின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டான இன்புட் ஷாஃப்டைத் தாங்கும் முன்பக்கப் பேரிங். இரண்டுக்கும் கியர்பொக்ஸைக் கீழே இறக்கத்தான் வேண்டும். இரண்டாவதற்கு அதைத் திறக்கவும் வேண்டும். அதற்காக நல்ல கியர்களும் சின்க்ரோக்களும் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையங்கள்) உள்ள உங்களுடைய பொக்ஸைக் கொடுத்துவிட்டு, எங்கு எவ்வளவு ஓடியதென்று யாருக்கும் தெரியாத ஒன்றை வாங்கிப் போடுவதில் நியாயமில்லை. ஆனால் இது என் ஊகம் மட்டுமே. அதை நீங்களே சோதித்து உறுதிப்படுத்தலாம். பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஸ்பானர்கூடத் தேவையில்லை.

சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதில் மனதை அதிகம் செலுத்த வேண்டாம். ஒருவருக்குக் கீச்சென்று கேட்பது இன்னொருவருக்குச் சீறலாகக் கேட்கும். டவுன்ஏஸில் இஞ்சின் முன் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்துதான் காதுக்கு வரும். பெடல் எந்த இடத்தில் இருக்கும்போது சத்தம் தொடங்குகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் பிடியுங்கள். ஏனென்றால் பெடலின் ஒவ்வொரு நிலையிலும் உள்ளே சுற்றும் பாகங்கள் வேறு, சும்மா நிற்கும் பாகங்கள் வேறு.

காலை எடுத்துவிட்டு நியூட்ரலில் வைத்திருக்கும்போது இஞ்சினோடு பூட்டிய பிளைவீல், பிரஷர் பிளேட், அவை இரண்டுக்கும் நடுவில் இறுகும் கிளச் பிளேட், அதனுடன் சேர்ந்த இன்புட் ஷாஃப்ட், கியர்பொக்ஸுக்குள் துணைத் தண்டான கவுன்டர் ஷாஃப்ட் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். இன்புட் ஷாஃப்டின் நுனியை இஞ்சினின் கிராங்க் ஷாஃப்டில் தாங்கும் பைலட் பேரிங்கின் உள்வளையமும் வெளிவளையமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அதற்கு அப்போது வேலையில்லை. பெடலைத் தொட்டு, ஃப்ரீ பிளே (பெடலின் வெற்று ஆட்டம்) முடிந்து சிறிது பாரம் ஏறும் இடத்தில் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை, அதாவது அதன் ஸ்பிரிங் நுனிகளை, அழுத்தத் தொடங்கும். பெடலை முழுக்க மிதித்தால் கிளச் பிளேட் விடுபட்டு இன்புட் ஷாஃப்ட் மெல்ல மெல்ல நிற்கும். ரிலீஸ் பேரிங்குக்கு முழுப் பாரம். பைலட் பேரிங் வேலை செய்யத் தொடங்குவது அப்போதுதான், ஏனென்றால் கிராங்க் சுற்ற, ஷாஃப்ட் நிற்கிறது. மிதித்தபடியே முதலாம் கியரைப் போட்டால் ஷாஃப்ட் முற்றாக நின்றுவிடும். பைலட் பேரிங்கில் வேக வித்தியாசம் உச்சத்துக்குப் போகும். கீழே வரும் சோதனைகள் எல்லாம் இந்த நான்கு நிலைகளை வைத்துத்தான்.

சோதிக்கும் முறை

வானைச் சமதரையில் நிறுத்தி ஹான்ட் பிரேக்கை இழுத்து, இரண்டு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன்னால் சுவரோ ஆட்களோ இருக்கக் கூடாது. ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். கொழும்பு வெயிலில் ஏ.சி. போட்டபடியே கேட்டுக் கேட்டு, கொம்பிரஸர் கிளச்சின் சத்தத்தைக் கியர்பொக்ஸ் சத்தம் என்று நினைத்தவர்கள் இருக்கிறார்கள். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒரு முறை, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் இன்னொரு முறை என்று இரண்டு தடவை செய்வது நல்லது.

முதலில் இஞ்சினைப் போடாமலே பெடலை மெதுவாகப் பத்துத் தடவை மிதித்து விடுங்கள். இப்போதே 'கிறீச்' என்று கேட்டால் சுற்றும் எந்தப் பாகத்துக்கும் அதில் பங்கில்லை. பெடல் தண்டின் புஷ், பெடலோடு மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ரொட்டை இணைக்கும் ஊசி, கேபிள் வண்டியென்றால் கேபிள், அல்லது பெல் ஹவுசிங்குக்குள் (கிளச்சை மூடியிருக்கும் கூடு) ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கைத் தாங்கி நிற்கும் பிவட் போல் எனும் உருண்டை, இவற்றில் ஒன்றுதான். ஒருவர் மிதிக்க இன்னொருவர் முதலில் பெடலடியிலும், பிறகு கீழே, ஃபோர்க்கைத் தள்ளும் சிலேவ் சிலிண்டர் பக்கத்திலும் காதை வைத்தால் எங்கே என்று தெரிந்துவிடும். பெடல் புஷ்ஷுக்குக் கொஞ்சம் கிரீஸ் போதும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பக்கம் இரவில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றுப் பட்டு ஃபோர்க்கின் ரப்பர் பூட் வெடித்து, பிவட்டில் துரு ஏறி இந்தச் சத்தம் வருவதுண்டு. அது ஆபத்தானதல்ல, கிளச் வேலை வரும் வரை விட்டுவைக்கலாம்.

இனி இஞ்சினைப் போட்டு நியூட்ரலில் ஐட்லிங்கில் விடுங்கள். காலைப் பெடலிலிருந்து முற்றாக எடுத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு பெருவிரலால் தொடுவதுபோல, பாரம் ஏறத் தொடங்கும் அந்த ஓர் அங்குல இடம் வரை மட்டும் மிதித்து அங்கேயே பிடியுங்கள். கிளச் இன்னும் விடுபடவில்லை, இன்புட் ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது. புதிதாகப் பாரம் ஏறியது ரிலீஸ் பேரிங்குக்கு மட்டும். இந்த இடத்தில் புதிதாக ஒரு சத்தம் பிறந்தால், பெடலை இன்னும் அழுத்த அழுத்த அது தடித்தால், குற்றவாளி ரிலீஸ் பேரிங். உங்களுடைய 'கீச்' இதில்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்து முழுக்க மிதியுங்கள். 'கர்ர்' என்ற மற்றச் சத்தம் எப்படி மறைகிறது என்பதைக் கவனமாகக் கேளுங்கள். மிதித்தவுடன் டக்கென்று வெட்டியதுபோல் நிற்கிறதா, அல்லது ஒன்றிரண்டு செக்கனில் சுருதி இறங்கி இறங்கி அடங்குகிறதா? மெல்ல இறங்கினால் அது சுற்றிக்கொண்டிருந்த இன்புட் ஷாஃப்ட் ஓய்ந்து நிற்கும் சத்தம், கோளாறு கியர்பொக்ஸுக்குள். பெடலை லேசாகத் தொட்டதுமே நின்றால், ரிலீஸ் பேரிங் தளர்ந்து விரல்கள்மேல் ஆடிக்கொண்டிருந்தது, அல்லது ஃபோர்க்கின் கிளிப் கழன்று அது துள்ளிக்கொண்டிருந்தது என்று பொருள். பல ஹைட்ரோலிக் கிளச்களில் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களை மெல்லத் தொட்டபடியே சுற்றும். அதனால் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் நல்ல கியர்பொக்ஸ்கள் தேவையில்லாமல் மாற்றப்படுகின்றன.

கடைசியாக, முழுக்க மிதித்தபடி முதலாம் கியரைப் போட்டுப் பிடியுங்கள். நியூட்ரலில் கேட்காத ஒரு ஊளையோ உறுமலோ இப்போது தொடங்கினால், கியரை எடுத்ததும் குறைந்தால், அது பைலட் பேரிங். டவுன்ஏஸ், டொல்பின், கரவன் போன்ற பின்சக்கர இழுவை வான்களுக்குத்தான் இந்தச் சோதனை. ஆல்ட்டோ, மாருதி 800 போன்ற முன்சக்கர இழுவைக் கார்கள் பெரும்பாலானவற்றில் பைலட் பேரிங்கே கிடையாது. அவற்றுக்கு 'பைலட் பேரிங் போயிற்று' என்று யாராவது சொன்னால் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

நியூட்ரல் சத்தம்: உறுமலா, கலகலப்பா?

மெல்ல ஓய்ந்து அடங்குகிற சத்தம் கியர்பொக்ஸுடையது என்று தெரிந்த பிறகும் அங்கே இரண்டு வகை உண்டு. இஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 1500 சுற்று வரை ஏற்றிப் பாருங்கள். வேகத்தோடு சேர்ந்து சுருதியும் ஏறி, விடாத உறுமலாக இருந்தால் பேரிங். ஐட்லிங்கில் மட்டும் டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல் கலகலத்து, வேகம் சிறிது ஏறியதும் காணாமல் போனால் அது கியர் பற்களின் இடைவெளியில் எழும் கலகலப்பு. டீசல் இஞ்சின் ஐட்லிங்கில் வெட்டி வெட்டித்தான் ஓடும். அந்த அதிர்வை உறிஞ்சத்தான் கிளச் பிளேட்டின் நடுவில் சுருள் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. 3 இலட்சம் ஓடிய வண்டியில் அவை தளர்ந்தோ உடைந்தோ இருக்கும். அல்லது ஐட்லிங் வேகம் குறிக்கப்பட்டதைவிடக் கீழே இறங்கியிருக்கும். ஐட்லிங்கைக் கையேட்டில் உள்ள அளவுக்கு ஏற்றியதும் கலகலப்பு அடங்கினால் கியர்பொக்ஸைத் தொடவே வேண்டாம்.

உறுமல் என்றால் முதலில் கியர்பொக்ஸ் ஒயிலைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நிரப்பும் பிளக்கைக் கழற்றி விரலை வளைத்து விட்டால், துளையின் கீழ் விளிம்பில் ஒயில் தட்டுப்பட வேண்டும். நிரப்பும் பிளக் கழலுகிறதா என்று உறுதி செய்துகொண்டபிறகுதான் கீழே வடிக்கும் பிளக்கில் கை வைக்க வேண்டும். மேல் பிளக் இறுகிக் கழல மறுத்தால், வடித்துவிட்டு நிரப்ப வழியின்றி நிற்க நேரும். வடித்த ஒயிலை வெள்ளைத் தட்டொன்றில் ஊற்றி வெயிலில் பாருங்கள். பொன்னிறத் தூள் மினுங்குவது பித்தளைச் சின்க்ரோ வளையங்களின் தேய்மானம். இந்த வயதில் அது இருக்கும். வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் சாம்பல்நிறக் கூழ் ஒட்டியிருப்பதும் வழமை. நகத்தால் எடுக்கக்கூடிய இரும்புச் செதில்கள், கூரான சில்லுகள் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது பேரிங்கின் ஓடுபாதை உரிகிறது என்பதன் அடையாளம். ஒயில் குறைவாக இருந்தால் கையேட்டில் சொன்ன தரத்தில் ஊற்றி, நூறு கிலோமீற்றர் ஓடிப் பார்த்துவிட்டு மேலே யோசியுங்கள். சத்தத்தை மறைப்பதற்காகத் தடித்த ஒயிலோ, ஏதாவது மாயக் கலவையோ ஊற்றக் கூடாது. சத்தம் குறையும், காலையில் கியர் விழாது, பேரிங் தேய்வது அப்படியே தொடரும்.

ஓட்டத்தில் இன்னொரு குறிப்பு கிடைக்கும். இந்த வகைப் பின்சக்கர இழுவைப் பொக்ஸ்களில் பொதுவாக 4ஆம் கியர் நேரடி இணைப்பு. கவுன்டர் ஷாஃப்டின் மேல் பாரம் ஏறாது. 2, 3ஆம் கியர்களில் உறுமி, 4இல் வெகுவாகக் குறைந்தால் கவுன்டர் ஷாஃப்ட் பேரிங்குகளையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். அப்படியென்றால் பொக்ஸை முழுமையாகத் திறக்கும் வேலைதான். பேரிங்குகள், சீல்கள், கையோடு சின்க்ரோ வளையங்கள். அதற்கும் மேலாக கியர்ப் பற்களே உடைந்திருந்தால் மட்டும் ரீகண்டிஷன் பொக்ஸைப் பற்றி யோசிப்பேன்.

இழுக்கும்போது வரும் சத்தங்கள்

பெடலை விட்டு வான் நகரத் தொடங்கும் கணத்தில் மட்டும் வரும் சத்தம் வேறு கதை. உலோகம் உரசும் சத்தத்தோடு கருகிய வாடையும் இருந்தால் பிளேட்டின் லைனிங் தேய்ந்து ரிவெட்டுகள் உரசுகின்றன. ஆளில்லாத தெருவில் மணிக்கு 40இல் 4ஆம் கியரைப் போட்டு அக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் ஏறாமல் இஞ்சின் மட்டும் கத்தினால் கிளச் நழுவுகிறது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து பிளைவீலைச் சூடாக்க வேண்டாம்.

புறப்படும்போது வான் முழுக்க நடுங்கினால் நேரே கிளச் பிளேட்டைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். இஞ்சின் மவுன்டும் கியர்பொக்ஸ் மவுன்டும் கிழிந்திருந்தாலும் அதே நடுக்கம்தான். மவுன்ட் மாற்றுவதற்குப் பொக்ஸை இறக்கத் தேவையில்லை என்பதால் அதை முதலில் பாருங்கள். பிறகுதான் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கச் சீலிலிருந்து வடியும் ஒயில், சூட்டில் நீலம் பாய்ந்த பிளைவீல். 'டங்' என்று ஒரே ஒரு அடி மட்டும் கேட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் குரோஸ் ஜொயின்ட். ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கினாலே ஆட்டம் தெரியும்.

அடைமழையில் இரண்டு மூன்று நாள் நின்ற வண்டி முதல் ஓரிரு தடவை கீச்சிட்டு நடுங்கி, பிறகு சரியாகிவிட்டால் அது பிளைவீல் முகத்தில் படிந்த மெல்லிய துரு மட்டும், விட்டுவிடுங்கள். வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டி அப்படியல்ல. பெல் ஹவுசிங்குக்குள் சேற்று நீர் போய் ரிலீஸ் பேரிங்கின் கிரீஸைக் கழுவியிருக்கும், பிளேட்டின் நடுத்துளை ஷாஃப்டின் பற்களோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அப்படியான வண்டியில் வரும் எந்தக் கிளச் சத்தத்தையும் பொறுத்துப் பார்க்காமல் திறந்துவிடுவதே சரி.

ரிவர்ஸ் போடும்போது வரும் 'கறக்' சத்தத்தையும் பலர் கியர்பொக்ஸ் கோளாறு என்கிறார்கள். பெடலை முழுக்க மிதித்து மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸைப் போடுங்கள். அப்போதும் அரைத்தால் கிளச் முழுமையாக விடுபடவில்லை. சிலேவ் சிலிண்டரின் ரப்பர் பூட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் சிலிண்டரின் ரப்பர் வொஷர் கசிகிறது. ஈரமில்லையென்றால் கிளச் ஃபுளூயிட் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிப் பாருங்கள். நம்முடைய ஈரக் காற்றில் கிளச் ஃபுளூயிட் நீரை உறிஞ்சிக் கறுத்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை டொட் 3 ஃபுளூயிட்டை மாற்றுவது சிலிண்டரைவிட மலிவு. ஐந்து எண்ணிய பின் அமைதியாக விழுந்தால் கிளச் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

இரண்டு சந்தேகங்களை மறக்க வேண்டாம்

பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள தகட்டு மூடி, வேகத்தடையில் அடிபட்டு வளைந்து பிளைவீலில் உரசினால் கேட்கும் சத்தம், உள்ளே ஏதோ உடைந்துபோனதைப் போலவே இருக்கும். கீழே படுத்து ஒரு டோர்ச் அடித்தாலே தெரியும். நெளித்துவிட ஐந்து நிமிடம் போதும்.

மற்றது பாரதூரமானது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை. பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டைத் தள்ள, அந்தத் தள்ளல் முழுவதும் கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கி அழுத்துகிறது. அதைத் தாங்குவது இஞ்சினுக்குள் உள்ள அரைவட்டத் த்ரஸ்ட் வொஷர்கள். அவை தேய்ந்தால் மிதிக்கும்போது அடியிலிருந்து மந்தமான உரசல் கேட்கும், ஐட்லிங் வேகம் தெளிவாக இறங்கும். இஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரைப் பெடலை மிதித்து மிதித்து விடச் சொல்லி, முன்னால் கிராங்க் ஷாஃப்டின் புல்லியைப் (பெல்ட் ஓடும் சக்கரம்) பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னும் பின்னும் நகர்ந்தால் அளந்து பார்க்க வேண்டும். பொதுவாக 0.3 மில்லிமீற்றர்தான் எல்லை. கண்ணுக்குத் தெரிகிற அசைவு அதைத் தாண்டியதாகத்தான் இருக்கும். இந்த நிலையில் புதிய கிளச் போடுவது வீண், முதலில் இஞ்சின். போக்குவரத்து விளக்கில் நிமிடக்கணக்கில் பெடலை மிதித்தபடி நிற்பவர்களின் வண்டிகளில் ரிலீஸ் பேரிங்கும் இந்த வொஷரும் ஒன்றாகத் தேய்கின்றன. பொரளைச் சந்தியிலும் மருதானையிலும் சிவப்பு விளக்கு விழுந்தால் நியூட்ரலுக்கு எடுத்துக் காலை விட்டுவிடுவது இரண்டையும் காப்பாற்றும்.

எவ்வளவு நாள் ஓடலாம்?

ரிலீஸ் பேரிங் மிதிக்கும்போது மட்டும் மெல்லச் சீறினால் மாதக்கணக்கில்கூட ஓடும். சத்தம் கரகரப்பாக மாறி, பெடலில் காலுக்கு அதிர்வு தெரியத் தொடங்கினால் தள்ளிப்போடக் கூடாது. பேரிங் இறுகினால் பிரஷர் பிளேட் விரல்களை அறுத்துவிடும். அது நிகழும் இடம் கடுகண்ணாவை ஏற்றமாக இருந்தால் கியர் போடவே முடியாது. பைலட் பேரிங்கின் ஊளைக்கு இதைவிடக் குறைவான தவணை. அது உடைந்தால் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தின்றுவிடும், அந்த ஷாஃப்ட் விலையுள்ளது. கிளச் விடும்போது உள்ளே ஏதோ துண்டு உருளும் சத்தம் கேட்டால், உடைந்த ஸ்பிரிங் பிளேட்டுக்கும் பிளைவீலுக்கும் நடுவில் போய்ச் சிக்கும் முன் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

இறக்கிய பிறகு

கியர்பொக்ஸ் கீழே வந்ததும் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) சொல்லிவிட்டு நீங்களே பாகங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெல் ஹவுசிங்குக்குள் கிடக்கும் கறுத்த தூளைக் கொம்பிரஸர் காற்றால் ஊத விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ரிலீஸ் பேரிங்கைக் காதருகே வைத்து, பிடித்தபடி ஒரு பக்கம் அழுத்தித் திருப்புங்கள். நல்ல பேரிங் கிரீஸின் மெல்லிய இறுக்கத்தோடு வழுக்கிச் சுற்றும். போனது மணல் அரைபடுவதுபோல் விரலுக்கே சொல்லும், அல்லது கிரீஸ் வற்றிப் பம்பரம்போல் தங்குதடையின்றிச் சுற்றும். பின்னதை 'நன்றாகச் சுற்றுகிறதே' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதுவும் முடிந்த பேரிங்தான். பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவதும் கூடாது, அது மூடி அடைத்த பேரிங். கழுவினால் உள்ளே உள்ள கிரீஸும் போய்விடும்.

பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகளைப் பாருங்கள். பளபளவென்று ஒரு வட்டத் தடம் இருப்பது இயல்பு. அந்தத் தடம் குழியாகி 0.6 மில்லிமீற்றருக்கு மேல் ஆழமாகியிருந்தால் டொயோட்டா அளவுப்படி கழிக்க வேண்டியது. பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் குறைந்தது 0.3 மில்லிமீற்றர் லைனிங் இருக்க வேண்டும். ஸ்பிரிங்குகளைக் கையால் அசைத்தால் கலகலக்கக் கூடாது. பிளைவீல் முகத்தின் கோணல் 0.1 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, நகம் தட்டும் வெடிப்புக் கோடுகள் இருந்தாலோ லேத்துக்கு அனுப்ப வேண்டும். இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பைலட் பேரிங்கின் தாங்கல் இல்லாமல் நுனியில் சிறிது ஆட்டம் தெரிவது வழமை. ஆட்டத்தோடு 'டொக் டொக்' என்றால், சுற்றும்போது கரகரத்தால், உங்கள் நியூட்ரல் உறுமலின் பேரிங் அதுவே.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரு செட்டாக மாற்றுங்கள். பைலட் பேரிங், ஃபோர்க் கிளிப், கிராங்க் பின்பக்கச் சீல், கியர்பொக்ஸ் முன் சீல் இவை சிறிய சாமான்கள்; கூலி ஏற்கெனவே கொடுத்தாயிற்று, இன்னொரு தடவை பொக்ஸை இறக்குவதைவிட இவற்றின் விலை அற்பம். பைலட் பேரிங் கழல மறுத்தால் அதன் துளை நிறையக் கிரீஸை அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு தண்டை வைத்துச் சுத்தியலால் அடித்தால், கிரீஸ் பின்னால் போய்ப் பேரிங்கை வெளியே தள்ளும். கிரீஸைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டியிருக்கும். அடித்தபிறகு அங்கே மிச்சமிருக்கும் கிரீஸை முழுக்கத் துடைக்க வேண்டும்.

சாமான் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழையதைப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிளேட்டின் விட்டம், நடுத்துளைப் பற்களின் எண்ணிக்கை, பேரிங்கின் உயரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். எக்ஸெடி, ஐசின், பேரிங் என்றால் கோயோ, என்.எஸ்.கே., இவற்றின் பெயரில் போலிகள் வருவதால் பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். அச்சு மங்கலாக இருந்தால், பேரிங்கில் பெயர் பொறிக்கப்படாமல் மையால் மட்டும் அடித்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பாவித்த ரிலீஸ் பேரிங்கை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

வேலை முடிந்த மறுநாளே சத்தம் வந்தால்

இது பொருத்தியதில் வந்த பிழை. பிளேட்டைத் திருப்பிப் போட்டால் நடுக்குமிழ் பிளைவீல் போல்ட்களில் உரசும், கிளச் விடுபடாது. அதனால்தான் பிளேட்டில் எந்தப் பக்கம் பிளைவீலுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். கியர்பொக்ஸை ஏற்றும்போது கீழே ஜக் வைத்துத் தாங்காமல் அதன் பாரத்தைப் பிளேட்டின்மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்து, பிறகு எப்போதும் நடுங்கும். பெல் ஹவுசிங்கை நேர்கோட்டில் பிடிக்கும் இரண்டு டவல் பின்களைக் கழற்றிய இடத்திலேயே மறந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை 'உய்ங் உய்ங்' என்று வந்து, புது இன்புட் பேரிங்கும் சில மாதத்தில் போய்விடும். இந்த மூன்றையும் ஏற்றும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிரஷர் பிளேட்டின் எட்டு மில்லிமீற்றர் போல்ட்களை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, ஒவ்வொரு சுற்றாக இறுக்கி, டொயோட்டாவில் 19 நியூட்டன் மீற்றரில் முடிக்க வேண்டும். இன்புட் ஷாஃப்டின் பற்களுக்கு மொலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, பிளேட்டை ஒரு தடவை உள்ளே வெளியே நகர்த்தி, பிதுங்கி வந்ததைத் துடைத்துவிட வேண்டும். மிச்சம் விட்டால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் படும். பிவட் போலுக்கும் ஃபோர்க் நுனிகளுக்கும் பட்டாணி அளவு போதும்.

எல்லாம் பூட்டியபின் பெடலின் ஃப்ரீ பிளேயை அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஹைட்ரோலிக் டொயோட்டாக்களில் 5 முதல் 15 மில்லிமீற்றர். அந்த ஆட்டம் அறவே இல்லையென்றால் புது ரிலீஸ் பேரிங் ஓய்வின்றி விரல்களை அழுத்தியபடியே சுற்றி, பழையதைப் போலவே சீக்கிரம் கீச்சிடத் தொடங்கும். முதல் 500 கிலோமீற்றருக்கு ஏற்றத்தில் ஹாஃப் கிளச்சில் நிற்காமல், பாரம் ஏற்றாமல் ஓடுங்கள். அதற்குள் மேலே சொன்ன நான்கு நிலைச் சோதனையை இன்னொரு தடவை செய்து, பழைய உறுமல் இன்னும் இருந்தால் கராஜுக்கு அப்போதே திரும்பிப் போங்கள்.